ஒரே கிருமியின் வாரிசுகள், சிலது மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

சேலத்துப் பெண்:
அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். டிபி மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது. "இன்னும் நாலு மாசம் எதுக்கும்மா?" என்கிறார். கொஞ்சம் கிருமி தப்பித்து உள்ளே இருக்குமாம். எல்லாம் ஒன்றிலிருந்து பெருகியவைதானே? ஒன்றைக் கொல்லும் மருந்து எல்லாவற்றையும் கொல்ல வேண்டாமா? அப்பாவுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும்.

ஆத்தூர் தம்பி:
ஜீன் மாறிப்போன கிருமிகள் தப்பிக்கும் அக்கா. அதனால்தான் பல மருந்தைச் சேர்த்துத் தருகிறார்கள்.

ஏற்காட்டு வாத்தியார்:
தம்பி சொன்னது சரி, ஆனால் பாதிதான். ஜீன் துளியும் மாறாமலே தப்பிக்கும் கிருமிகள் உண்டு. 1944-இல் ஜோசப் பிக்கர் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளுக்குப் பெனிசிலின் கொடுத்தார். மிகச் சில பிழைத்தன. அவற்றைப் பெருக்கி மறுபடி கொடுத்தால், பழையபடியே செத்தன. மறுபடியும் சிலது மிஞ்சின. ஜீன் மாறியிருந்தால் அத்தனையும் பிழைத்திருக்குமே!

ஜீன் மாறாமல் எப்படி? ஒரு பாக்டீரியாவுக்குள் ஒரு ஜீனுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பிரதிதான். அதைப் படிக்க வரும் மூலக்கூறுகள் முட்டி மோதி அலைகின்றன. எப்போது வந்து ஒட்டும் என்பது தற்செயல். ஒட்டினால் கொஞ்ச நேரம் புரதம் மளமளவென்று வரும், அப்புறம் நின்றுவிடும். பக்கத்துச் செல்லில் அதே நேரம் ஒன்றுமே நடந்திருக்காது. எங்கள் காபிச் செடியில் ஒரே கொத்துப் பழம் ஒன்றாகச் சிவக்காது, அதற்கு வெயிலைக் காரணம் சொல்லலாம். இங்கே அதுவும் இல்லை.

2002-இல் மைக்கேல் எலோவிட்ஸ் குழு ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்குள் ஒரே மாதிரி சுவிட்ச் கொண்ட இரண்டு ஜீன்களை வைத்தது. ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் ஒளிரும். இரண்டும் சமமாக ஒளிர வேண்டியது, சில செல்லில் ஒன்று தூக்கல், சிலதில் மற்றது. அந்தப் படத்தை வகுப்பில் காட்டும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஈ.கோலையில் ஹிப்-ஏ என்ற புரதம் இப்படித் தற்செயலாக ஓர் அளவைத் தாண்டினால் செல் வளராமல் உறங்கிவிடும். வளரும் கிருமியைத்தான் பல மருந்துகள் நன்றாகத் தாக்கும். டிபி கிருமியின் உள்வேலை வேறு, ஆனால் அதிலும் இப்படி மந்தமாகக் கிடப்பவை உண்டு. அவை எழும் நாளில் அப்பா உடம்பில் மருந்து இருக்க வேண்டும். டாக்டர் சொல்லாமல் நிறுத்த விடாதீர்கள் அம்மா.

சேலத்துப் பெண்:
படித்துக் காட்டினேன் சார். "தூங்குறதை எழுப்பி அடிக்க முடியாதா?" என்று கேட்கிறார்.

ஏற்காட்டு வாத்தியார்:
நல்ல கேள்வி! 2011-இல் ஆய்வகத்தில் உறங்கும் ஈ.கோலைக்குச் சில சர்க்கரை வகைகளோடு மருந்து கொடுத்துக் கொன்றிருக்கிறார்கள். டிபிக்கு இன்று கையில் இருப்பது அந்த மாத்திரைகள்தான். காலையில் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.