வெளிச்சுவரை ஒட்டி 3 அடி மண் நிரப்பணும்: தார் அடித்தால் போதுமா?

பின்வாசல்:
9 அங்குலச் செங்கல் சுவர், வெளியே பூச்சும் எமல்ஷன் பெயின்ட்டும் இருக்கு. பின்பக்கம் தாழ்வாக இருப்பதால் 20 அடி நீளத்துக்குச் சுவரோடு சேர்த்து 3 அடி உயரம் மண் கொட்டணும். டிபிசி (கீழிருந்து ஈரம் ஏறாமல் சுவருக்குள் போட்ட தடுப்பு அடுக்கு) இப்போதைய தரையிலிருந்து 1 அடி மேலே. உள்தரையும் கிட்டத்தட்ட அதே மட்டம். பெயின்ட் மேலேயே ரெண்டு கோட் தார் அடிச்சு மண்ணைத் தள்ளிடலாம்னு மேஸ்திரி சொல்றார். சரிதானா?

ரசமட்டம்:
சரியில்லை. தாரைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் மட்டத்தைப் பாருங்கள். வெளிமண் எப்போதும் டிபிசிக்கு 15 செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். உங்கள் கணக்கில் அது டிபிசியைத் தாண்டி 2 அடி ஏறுகிறது. கீழிருந்து வரும் ஓதத்தைத் தடுக்கத்தான் டிபிசி; பக்கவாட்டில் வரும் ஈரத்தை அது ஒன்றும் செய்யாது. உள்ளே உப்புப் பூத்துப் பூச்சு உதிரும்.

இன்னொன்று பாரம். நீர் வடிந்த மணல்மண் 3 அடி உயரத்துக்கு, ஒரு மீட்டர் நீளச் சுவரில் சுமார் 250 கிலோ தள்ளும். அதே மண்ணில் நீர் தேங்கினால் 500 கிலோவைத் தாண்டும். வீட்டுச் சுவர் இதற்காகக் கட்டியதல்ல.

இடம் இருந்தால் சுவரிலிருந்து 2 அடி தள்ளித் தனியாக ஒரு தாங்குசுவர் கட்டி, அதற்குப் பின்னால் மண்ணை நிரப்புங்கள். கருங்கல் கட்டு என்றால் அடி அகலம் உயரத்தில் பாதி, அதாவது ஒன்றரை அடி. நடுச்சந்தின் தரையைக் கான்கிரீட் போட்டு 100-க்கு 1 வாட்டத்தில் வெளியே விடுங்கள். சந்து 2 அடிக்குக் குறைந்தால் ஆள் இறங்கிக் குப்பை அள்ள முடியாது. எந்தக் கோட்டிங்கையும்விட இது நீடிக்கும்.

பின்வாசல்:
தள்ளிக் கட்ட இடமில்லை, சுவரை ஒட்டித்தான் ஆகணும். அப்படின்னா?

திமிசுக்கட்டை:
அப்படியானால் முழுசாகச் செய்யுங்கள். ஆனால் 3 அடிக்கு மேல் ஒரு அங்குலம் போனாலும் பொறியாளரிடம் கணக்குப் போடாமல் இறங்க வேண்டாம்.

பெயின்ட்டை முழுவதும் சுரண்டி எடுக்கணும். பெயின்ட் மேல் அடித்த எந்தக் கோட்டிங்கும் பெயின்ட்டோடு உரிந்து வரும். சுவரைத் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் வரும் பூச்சை உடைத்து, 1:4 சிமென்ட்-மணல் கலவையில் நீர்த்தடுப்புத் திரவம் சேர்த்துப் புதிதாகப் பூசுங்கள். திரவத்தின் அளவு டப்பாவில் போட்டிருக்கும். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பலன் கிடையாது.

பலரும் கோட்டை விடுகிற இடம் டிபிசி கோடு. கோட்டிங்குக்குப் பின்னால், பூச்சு வழியாகவே ஓதம் டிபிசியைத் தாண்டி மேலே ஏறிவிடும். அதனால் அந்தக் கோட்டில் பூச்சை 2 அங்குலப் பட்டையாக வெட்டி, டிபிசியின் விளிம்பு தெரிந்ததும் பாலிமர் கலந்த சாந்தால் அடையுங்கள்.

சுவரும் அஸ்திவாரத் திட்டும் சேரும் மூலையில் 5 செ.மீ. சாய்வாகக் கலவை வைத்து இழையுங்கள். செங்குத்து மூலையில்தான் கோட்டிங் முதலில் கிழியும். பிறகு பாலிமர்-சிமென்ட் கோட்டிங் இரண்டு கை, ஒன்று கிடைமட்டமாக, அடுத்தது செங்குத்தாக. இப்போதைய தரைக்கு 15 செ.மீ. கீழே தொடங்கி, வரப்போகும் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. மேல் வரை. தார் வேண்டுமானால் மண்ணுக்குள் மறையும் பகுதிக்கு மட்டும். வெயில் பட்டால் வெடிக்கும், அதன் மேல் பூச்சும் பிடிக்காது.

வடிகால்:
மேலே சொன்னது தடுப்பு. நீர் போக வழியில்லாவிட்டால் அந்தத் தடுப்பும் ஒருநாள் தோற்கும். சுவரடியில், உள்தரைக்குக் கீழான மட்டத்தில், 100 மி.மீ. துளையிட்ட குழாய் போடுங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டக் கூடாது. துளைகள் கீழ்நோக்கி, வாட்டம் மீட்டருக்கு 1 செ.மீ. ஒரு முனை தாழ்வான இடத்தில் வெளியேறட்டும், மறுமுனையை மண்ணுக்கு மேல் தூக்கி மூடி போட்டால் பின்னாளில் தண்ணீர் அடித்துக் கழுவலாம்.

குழாயைச் சுற்றி 20 மி.மீ. ஜல்லி, அதையே சுவரோரம் 30 செ.மீ. அகலத்துக்கு மேலே கொண்டுவாருங்கள். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, நீரை விட்டு மண்ணை மட்டும் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி. துணியைக் குழாயின் மேலேயே சுற்றினால் வண்டல் ஏறிச் சீக்கிரம் அடைபடும், ஜல்லியைச் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் ஷீட் இதற்கு மாற்றல்ல.

கோட்டிங்கை ஜல்லி கிழிக்காமலிருக்க டிம்பிள் ஷீட் (குமிழ் குமிழாக இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட்). துணி ஒட்டிய வகையில் துணிப்பக்கம் மண்ணைப் பார்க்கணும், திருப்பிப் போட்டுவிடாதீர்கள். ஆணி மேல்விளிம்பில், மண்மட்டத்துக்கு மேல் மட்டும்.

திமிசுக்கட்டை:
மண் விஷயம் பாக்கி இருக்கிறதே. களிமண், கரிசல் இரண்டும் கூடாது; ஈரத்தில் உப்பிச் சுவரைத் தள்ளும். செம்மண் கிராவல் நல்லது. கோட்டிங் காய்ந்து ஒரு வாரம் கழித்து, 15 செ.மீ. அடுக்காகப் போட்டுக் கைத்திமிசால் இடியுங்கள். சுவரிலிருந்து 1 மீட்டருக்குள் ரோலர் வரக் கூடாது. தண்ணீர் தேக்கி மண்ணை அமுக்கும் வழக்கமான வேலையை இங்கே செய்யவே கூடாது, சுவருக்கு மொத்தப் பாரமும் அன்றைக்கே வந்துவிடும். உடைந்த பலகை, சிமென்ட் சாக்கு எல்லாம் உள்ளே போனால் கரையானுக்கு விருந்து.

கடைசி 20 செ.மீ. மட்டும் கொஞ்சம் களி கலந்த மண், சுவரிலிருந்து வெளிப்பக்கம் மீட்டருக்கு 5 செ.மீ. வாட்டம். ஜல்லியின் தலையையும் இதே மண் மூடணும், இல்லாவிட்டால் மழைநீர் நேராகக் குழாய்க்கு இறங்கும். மாடித் தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் விழுந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

பின்வாசல்:
புரிஞ்சது. மண்ணை 2 அடியாகக் குறைச்சா இவ்வளவும் வேணுமா?

ரசமட்டம்:
பாரம் பாதிக்கும் கீழே போகும், அதனால் குறைப்பது நல்லதுதான். ஆனால் அப்போதும் டிபிசிக்கு 1 அடி மேலே மண் இருக்கும். கோட்டிங், குழாய், ஜல்லி எதையும் விட முடியாது. அரை அடியாகக் குறைத்தால் மட்டுமே எதுவும் வேண்டாம், வாட்டம் போதும்.