அப்பாக்களும் அறைக்கு வரலாம்

குழு: தண்டையார்பேட்டை வீடு

புதன்கிழமை

[இரவு 8:41] பவித்ரா: திருச்சியிலிருக்கும் என் கல்லூரி விடுதியில் பெற்றோர் வருகைக்கான சுற்றறிக்கையை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடக்கிறது. ஒரு மாணவிக்கு மூன்று சாப்பாட்டு டோக்கன்தான். மற்றவர்கள் காசு கொடுத்து மெஸ்ஸில் சாப்பிடலாம்.

[8:44] செல்வி அத்தை: நானும் வருகிறேன். பிள்ளை இளைத்துத் துரும்பாகிவிட்டாள். நேற்று வந்த படத்தைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

[8:45] பவித்ரா: அத்தை, அது என் அறைத்தோழி. படம் எடுத்ததுதான் நான்.

[8:52] அப்பா: அம்மாவும் ஆயாவும் போய் வரட்டும். எனக்குச் சனிக்கிழமை தொழிற்சாலையில் வேலை இருக்கிறது. என் பெர்த்தை மட்டும் ரத்து செய்துவிடுகிறேன்.

[8:53] அம்மா: நேற்றுவரை இல்லாத வேலை இன்று எங்கிருந்து முளைத்தது?

[8:57] சேகர் சித்தப்பா: அண்ணே, உண்மையைச் சொல்லுங்கள். கல்லூரியில் சேர்த்த அன்று நடந்ததுதானே காரணம்?

[8:58] தினேஷ்: என்ன நடந்தது? எனக்கு யாருமே சொல்லவில்லை.

[9:03] அம்மா: ட்ரங்குப் பெட்டியை நானும் பவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினோம். பெண்கள் விடுதி, ஆண்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் அப்பா கேட்டில், வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் நாள் முழுக்க ரயில் பெட்டியையே தூக்கி நிறுத்துகிற மனிதர், மகளின் ஒரு பெட்டியைத் தூக்க முடியவில்லை என்று விழுப்புரம் தாண்டும்வரை வாயே திறக்கவில்லை.

[9:05] அப்பா: பெட்டியைத் தூக்குவது கிரேன். நான் வெல்டர்.

[9:11] பவித்ரா: சுற்றறிக்கையில் இரண்டாவது பக்கம் ஒன்று இருக்கிறது, யாராவது பார்த்தீர்களா? சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை அப்பாக்களும் அறைக்கு வரலாம். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்.

[9:26] அப்பா: அறையில் அலமாரி மரமா, இரும்பா?

[9:27] அம்மா: சரி, பெர்த் ரத்தாகாது.

[9:34] சேகர் சித்தப்பா: என் கருத்தைக் கேட்டால், இப்படிப்பட்ட நாளில் போவதே வீண். எல்லா இடத்தையும் பெருக்கிக் கோலம் போட்டு வைத்திருப்பார்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய், மெஸ் சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

[9:36] பவித்ரா: செவ்வாய்க்கிழமை வந்தால் வாட்ச்மேன் சாம்பார் சாப்பிடுவதைத்தான் பார்க்க முடியும், சித்தப்பா.

[9:37] சேகர் சித்தப்பா: அதுவும் சரிதான். தினேஷ், மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எனக்கும் அத்தைக்கும் தட்கல் போடு.

வியாழக்கிழமை

[காலை 10:02] சேகர் சித்தப்பா: போட்டாயா? பத்து ஆகிவிட்டது.

[10:04] தினேஷ்: பத்து மணி ஏ.சி.க்கு. ஸ்லீப்பருக்குப் பதினொன்று. அதற்குள் உங்கள் கணக்கில் ஆதாரைச் சரிபார்த்து வையுங்கள். அது இல்லாமல் 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க முடியாது.

[11:06] தினேஷ்: சித்தப்பா, ஓ.டி.பி. எங்கே?

[11:09] சேகர் சித்தப்பா: குளித்துக்கொண்டிருந்தேன்.

[11:10] தினேஷ்: காத்திருப்புப் பட்டியல்தான் மிச்சம்.

[11:15] சேகர் சித்தப்பா: போகட்டும், பஸ்ஸில் வருகிறோம். மாதவரத்திலிருந்தே திருச்சிக்குப் பஸ் இருக்கிறது. கிளாம்பாக்கம் போய் ஏறச் சொன்னால்தான் எனக்குக் கோபம் வரும். தண்டையார்பேட்டைக்காரன் அங்கே போய்ச் சேருவதே தனிப் பயணம்.

[மதியம் 1:20] அம்மா: பவி, என்ன வேண்டும், சொல். அப்பா விடியற்காலையிலேயே காசிமேட்டுக்குப் போய் இறால் வாங்கி வந்துவிட்டார். தொக்கு அடுப்பில் இருக்கிறது. நெத்திலிக் கருவாடும் வறுக்கட்டுமா?

[1:31] பவித்ரா: தொக்கு போதும், எண்ணெய் மிதக்கட்டும், அப்போதுதான் தாங்கும். கருவாடு வேண்டவே வேண்டாம். அறைத்தோழி சைவம். போன முறை டப்பாவைத் திறந்ததும் வார்டன் மாடி மாடியாக மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார். அத்தோ, அந்தப் பர்மா நூடுல்ஸ், கிடைக்குமா?

[1:33] அம்மா: அத்தோ எப்படித் தாங்கும்? காலைக்குள் ஊசிப்போகும்.

[1:40] செல்வி அத்தை: கலந்தால்தானே ஊசிப்போகும், அண்ணி? பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், இடித்த மிளகாய், மொறுமொறு பேஜோ எல்லாவற்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கடையிலேயே கட்டித் தருவார்கள். புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். நூடுல்ஸும் முட்டைக்கோஸும் திருச்சியில் கிடைக்காதா என்ன? வாழைத்தண்டு சூப்புக்குத்தான் வழியில்லை.

[1:42] பவித்ரா: அத்தை, நீங்கள் கட்டாயம் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை

[இரவு 8:50] அம்மா: மெட்ரோவில் ஏறிவிட்டோம். சென்ட்ரலில் மாறி எழும்பூர். ஆயா எஸ்கலேட்டரில் ஏற மாட்டேன் என்கிறார். லிஃப்டைத் தேட வேண்டும்.

சனிக்கிழமை

[காலை 10:25] பவித்ரா: அறையில் இருக்கிறார்கள். ஆயா மாடிக்கு மாடி உட்கார்ந்து ஏறி வந்துவிட்டாள். அப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லும்வரை வரவில்லை.

[10:29] தினேஷ்: என்ன சொன்னார்?

[10:38] பவித்ரா: ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலைச் சாணால் அளந்தார், பெர்த்தைவிட அகலம் என்றார். மின்விசிறியை ஒன்றிலிருந்து ஐந்துவரை சுழற்றிப் பார்த்தார். அலமாரிக் கதவு மூடினால் தானாகத் திறந்துகொள்ளும் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வருகிறது!

[10:40] அம்மா: ஊரிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். எனக்கே இப்போதுதான் தெரியும்.

[11:05] பவித்ரா: மேல் கீல் இறங்கியிருந்ததாம். கழற்றி, துளையில் தீக்குச்சியை ஒடித்துச் செருகி, திருகை மறுபடி முறுக்கினார். இப்போது கதவு நிற்கிறது. பக்கத்து அறைப் பெண்ணின் அப்பா வங்கியில் வேலை பார்க்கிறாராம், வந்து பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கடன் கேட்கிறார்.

[மதியம் 2:45] பவித்ரா: அப்பாவை எங்கள் வெல்டிங் பட்டறைக்கு அழைத்துப் போனேன். நான் போட்ட இணைப்பை மேசையில் வைத்திருந்தார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையல்மேல் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் அண்டர்கட், அதாவது தகடு உருகிப் பள்ளம் விழுந்திருக்கிறது, கரண்ட் அதிகம் என்றார். 3.15 மி.மீ. ராடுக்கு எத்தனை ஆம்பியர் வைத்தாய் என்று கேட்டார். 140 என்றேன். 110-க்கு இறக்கு, கையை அவசரப்படுத்தாதே என்றார்.

[2:47] தினேஷ்: உன் பேராசிரியர் முன்னாலா?

[2:52] பவித்ரா: அவர்தான் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பழைய ரயில் பெட்டிகள் கார்-டென் என்ற எஃகு, 2018-இல் அவற்றின் தயாரிப்பு நின்றுபோய் இப்போது எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, அதில் சூடு ஏறினால் தகடு எப்படி நெளியும் என்று அப்பா பேசப் பேச, மற்றப் பெற்றோரும் கூடிவிட்டார்கள். அம்மாவும் ஆயாவும் மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள், பசி தாங்கவில்லை.

[3:10] சேகர் சித்தப்பா: நாங்கள் இப்போதுதான் கேட்டுக்கு வந்தோம். வழியில் டயர் பஞ்சர். டோக்கன் மிச்சம் இருக்கிறதா?

[3:12] அம்மா: அப்பாவின் டோக்கன் அப்படியே இருக்கிறது. சாம்பாரில் பருப்பு இருக்கிறது, சேகர். நானே கரண்டி போட்டுப் பார்த்துவிட்டேன்.

[3:15] பவித்ரா: அத்தை, புளிக்கரைசல் பாட்டில் உடையவில்லையே? நூடுல்ஸ் வெந்துகொண்டிருக்கிறது. ஏழு தட்டு வேண்டும், வார்டனும் கேட்டிருக்கிறார்.