மேலே ஏற முடியாத உலுருவுக்கு இனிப் போவது தகுமா?

நெடும்பயணி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ஓய்வு பெற்ற பிறகு உலகின் பெயர் பெற்ற இடங்களை ஆண்டுக்கு ஒன்றாகப் பார்த்து வருகிறேன். அங்கோர் வாட், பெட்ரா, கிராண்ட் கேன்யன் ஆகியவற்றைப் பார்த்துவிட்டேன். அடுத்ததாக ஆஸ்திரேலியாவின் நடுவே உள்ள உலுரு பாறையை நினைத்திருந்தேன். சமவெளியிலிருந்து 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் அந்தச் செம்பாறையின் உச்சியிலிருந்து பாலைநிலத்தைப் பார்ப்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் 2019 அக்டோபர் 26 முதல் அதன்மேல் ஏறுவது நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. சென்னையிலிருந்து அவ்வளவு தொலைவு பயணம் செய்து, பெருஞ்செலவும் செய்து, அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு அங்கே போக வேண்டுமா? இயற்கை உருவாக்கிய ஒரு பாறையைத் தொட்டு ஏறிப் பார்க்க மனிதருக்கு உரிமை இல்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

அடிலெயிட் அன்பன் எழுதியது:

ஐயா, நான் ஆஸ்திரேலியாவில் 17 ஆண்டுகளாக வாழ்கிறேன். உலுருவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். ஏறுவதற்கு வழி திறந்திருந்த காலத்திலும் ஏறவில்லை. "உரிமை" என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தியதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பாறைக்கு உரியவர்கள் அப்பகுதியின் பூர்வகுடிகளான அனாங்கு மக்கள். 1873-இல் வில்லியம் காஸ் என்ற நில அளவையாளர் அங்கே வந்து, தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமைச் செயலராக இருந்த ஹென்றி ஏயர்ஸின் பெயரை அதற்கு வைத்தார். பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. நிலத்தின் உரிமைப் பத்திரம் 1985 அக்டோபர் 26 அன்றுதான் அவர்கள் கைக்குத் திரும்ப வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், நிலத்தைத் திருப்பித் தருவதோடு ஏறுவதையும் நிறுத்துவதாகப் பிரதமர் பாப் ஹாக் வாக்களித்திருந்தார். கடைசியில் அரசு வைத்த நிபந்தனை வேறாக இருந்தது: நிலத்தை உடனே அரசுக்கே 99 ஆண்டுக் குத்தகைக்குத் தர வேண்டும், சுற்றுலாப் பயணிகள் ஏறுவதும் தொடர வேண்டும். நிலம் கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருந்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அதன்பின் வந்த ஆண்டுகளில் அவர்கள் செய்தது ஒன்றே: "தயவுசெய்து ஏறாதீர்கள்" என்று ஏறும் இடத்திலேயே பலகை வைத்துக் கேட்டுக்கொண்டார்கள். ஏறும் அந்தத் தடம், அவர்களுடைய மூதாதையரான மாலா ஆண்கள் உலுருவுக்கு வந்து சேர்ந்தபோது சென்ற வழி என்பது அவர்களின் நம்பிக்கை. அதைவிட என்னைத் தொட்டது வேறொரு காரணம். தங்கள் நிலத்துக்கு வரும் விருந்தினருக்குத் தாங்களே பொறுப்பு என்று அவர்களின் நெறி சொல்கிறது. அதனால் அங்கே எவர் இறந்தாலும் அந்தத் துயரைத் தங்கள் துயராகச் சுமக்கிறார்கள். வழுக்கி விழுந்தும் மாரடைப்பினாலும் அந்தப் பாறையில் 30 பேருக்கு மேல் உயிரிழந்திருக்கிறார்கள். தடை நடைமுறைக்கு வந்த நாள், நிலம் திருப்பித் தரப்பட்ட அதே அக்டோபர் 26 என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

தெளிவுரை எழுதியது:

அன்பனின் வரலாற்றுக் குறிப்புகளை நான் மறுக்கவில்லை. அனாங்கு மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி உண்மையானது. ஆயினும் அந்த அநீதியிலிருந்து இந்தத் தடைதான் நியாயம் என்ற முடிவு தானாக வந்துவிடாது.

ஓர் இடத்தை மூடுவதற்கு வலுவான காரணம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு பிரான்ஸின் லாஸ்கோ குகையைச் சொல்வேன். 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டு 1948-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்தக் குகையில், நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் விட்ட மூச்சும் அவர்களின் உடல் வெப்பமும் விளக்கொளியும் சேர்ந்து சுவரில் பாசியை வளர்த்தன. 17,000 ஆண்டுப் பழமையான ஓவியங்கள் கெடத் தொடங்கின. 1963-இல் மூடினார்கள், பிறகு அருகிலேயே நகல் குகை அமைத்தார்கள். மனிதர் உள்ளே போனால் அழியக்கூடிய ஒன்றை மனிதரிடமிருந்து காப்பது அறிவுடைமை. உலுரு அத்தகையதா? கோடிக்கணக்கான ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கிய கடும்பாறை செருப்புக் காலால் அழியப்போவதில்லை.

கூட்டம்தான் சிக்கல் என்றால் ஜப்பானின் ஃபூஜி மலையைப் பாருங்கள். அதுவும் வழிபடப்படும் மலைதான். 2024-இல் யோஷிடா வழியில் நாளொன்றுக்கு 4,000 பேர் என்று வரம்பு வைத்து, தலைக்கு 2,000 யென் கட்டணம் வாங்கினார்கள், வழியை மூடவில்லை. இலங்கையின் சிவனொளிபாதமலையில் பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவரும் இரவெல்லாம் படியேறி விடியலைக் காண்கிறார்கள். அங்கே ஏறுவதே வழிபாடு. ஆகவே புனிதம் என்றால் ஏறக்கூடாது என்பது பொது விதி ஆகாது. ஒரு சமூகத்தின் நம்பிக்கையை அந்த நம்பிக்கை இல்லாத பிறர்மீது சட்டமாக விதிக்கலாமா என்பதே என் கேள்வி. அந்த நிலம் பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் தேசியப் பூங்காவாகவும் இருக்கும்போது இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

கயல் எழுதியது:

நான் 2009-இல் ஏறியவள். அதனால் நெடும்பயணி ஐயாவின் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது.

தொடக்கத்திலேயே செங்குத்தாக இருக்கும். 1964-இல் பதித்து 1976-இல் நீட்டிய இரும்புச் சங்கிலியைப் பற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். அது சிலருக்கு இடுப்பளவுக்குக்கூட வராமல் தாழ்வாக இருந்ததால் குனிந்து குனிந்து என் முதுகு விட்டுப்போனது. எனக்கு முன்னால் போன ஒரு பெரியவர் பாதியில் நின்று, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் சங்கிலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நால்வர் சேர்ந்து அவரை ஓரடி ஓரடியாகக் கீழே கொண்டுவந்து சேர்த்தோம். அதன்பிறகு நான் மறுபடியும் ஏறினேன். மேலே காற்று ஆளைத் தள்ளியது. சுற்றிலும் தட்டையான செந்நிலமும், மேற்கே காட்டா சூட்டா என்ற பாறைக்கூட்டத்தின் குவிமுகடுகளும் தெரிந்தன. அழகான காட்சிதான், மறுக்கவில்லை.

ஆனால் மேலே கழிப்பறை கிடையாது. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் ஏறிய இடம் அது. பாறைப் பள்ளங்களில் என்ன கிடந்தது என்பதை இங்கே விரிவாக எழுத விரும்பவில்லை. மழை பெய்தால் அவை அனைத்தும் வழிந்து அடிவாரத்துச் சுனைகளில்தான் சேரும். அந்தப் பாலையில் விலங்குகளும் பறவைகளும் நம்பியிருக்கும் நீர் அதுதான். செருப்புக் காலால் பாறை அழியாது என்கிறார் தெளிவுரை. சரி, நீர் கெடும் அல்லவா?

பாறைக்கண் எழுதியது:

நிலவியல் கற்பித்தவன் என்ற முறையில் இரு தரப்புக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உலுருவின் பெருமை உச்சியில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது.

அது ஆர்க்கோஸ் எனப்படும், ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் மிகுந்த மணற்கல். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த பெரிய மலைத்தொடர் அரிக்கப்பட்டபோது, ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் அடுக்கடுக்காகப் படிந்து கல்லானது. கிடைமட்டமாகப் படிந்த அந்த அடுக்குகளைப் பிற்காலத்து நில அசைவு ஏறக்குறைய செங்குத்தாகப் புரட்டிவிட்டது. நீங்கள் காண்பது, பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்த ஏட்டுக்கட்டின் மேல்விளிம்பை மட்டுமே. மீதி தரைக்குக் கீழே கிலோமீட்டர் கணக்கில் இறங்குகிறது. கல்லின் உண்மை நிறம் சாம்பல். வெளியே தெரியும் சிவப்பு அதிலுள்ள இரும்பு துருப்பிடித்த நிறம். மேலே நிற்பவருக்கு அலையலையான சிவப்புத் தளம் மட்டுமே தெரியும். சுற்றி நடப்பவருக்குத்தான் அடுக்குகளின் வரிகளும், அரிப்பு குடைந்த குகைகளும், மழைநீர் ஓடிய கருங்கோடுகளும் கண்ணில் படும்.

"செருப்புக் காலால் அழியாது" என்பதையும் சற்றுத் திருத்த வேண்டும். ஏறிய தடத்தில் அந்தத் துருப்பூச்சு தேய்ந்து வெளிர்கோடாக இன்றும் தெரிகிறது. பாறை இடிந்துவிடாது என்பது உண்மை, தழும்பு விழுந்திருப்பதும் உண்மை. இருந்தாலும் தடைக்கு அந்தத் தழும்பே போதுமான காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தெளிவுரையின் அடிப்படைக் கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

நெடும்பயணி எழுதியது:

கயல் அம்மா எழுதிய நீரின் செய்தி எனக்குப் புதிது. அது என்னை உறுத்துகிறது. இருந்தும் ஒன்று கேட்கிறேன். கழிப்பறைதான் குறை என்றால் நேர அளவும் ஆள் அளவும் வைத்துச் சரி செய்திருக்கலாமே? ஏறுபவர் குறைந்துவிட்டதால் மூடினோம் என்றும் படித்தேன். விரும்புவோர் சிலரே என்பதற்காக அந்தச் சிலருக்கும் மறுப்பது எந்த வகை நியாயம்?

தெளிவுரை எழுதியது:

நெடும்பயணி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். 2010-ஆம் ஆண்டு மேலாண்மைத் திட்டம், பூங்காவுக்கு வருவோரில் ஏறுவோர் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மூடலாம் என்றது. ஆனால் பலத்த காற்று, மழை, 36 பாகைக்கு மேல் வெப்பம் எனப் பல காரணங்களால் ஆண்டின் பல நாட்களில் வழி மூடியே இருந்தது. அந்த நாட்களில் வந்தவர்களையும் "ஏறாதவர்" கணக்கில் சேர்த்தால் விழுக்காடு குறையத்தான் செய்யும். 2019-இன் கடைசி மாதங்களில் அடிவாரத்தில் நின்ற நீண்ட வரிசைகளைப் படங்களில் உலகமே பார்த்தது. விருப்பம் இல்லாத இடத்தில் வரிசை நிற்காது.

அடிலெயிட் அன்பன் எழுதியது:

அந்த வரிசையைப் பற்றி நானும் எழுத வேண்டும். மூடப்போகிறார்கள் என்று தெரிந்தபின் ஓடி வந்த கூட்டம் அது. உரியவர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்த கூட்டம். அதை விருப்பத்தின் சான்றாகக் காட்டுவதைக் கண்டு உண்மையாகவே வருந்துகிறேன். பாறையில் வரிசையாக ஏறும் பயணிகளை அனாங்கு மக்கள் தங்கள் மொழியில் "மிங்கா" என்பார்கள். எறும்பு என்று பொருள். கீழிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது.

விழுக்காட்டுக் கணக்கைப் பற்றித் தெளிவுரை எழுப்பிய ஐயத்தில் ஓரளவு நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக்கை ஒரு நிபந்தனைதானே ஒழிய, முடிவின் உயிர் அதில் இல்லை. 2017 நவம்பரில் பூங்காவின் நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவெடுத்தது. 12 பேர் கொண்ட அக்குழுவில் 8 பேர் அனாங்கு மக்களின் பிரதிநிதிகள். இது முக்கியமான இடம், டிஸ்னிலாண்டைப் போன்ற கேளிக்கைப் பூங்கா ஆகாது என்று குழுத் தலைவர் சாமி வில்சன் அன்று சொன்னார். பொதுப்பணம் செலவாகிறது என்பதும் முழுமையான வாதம் ஆகாது. குத்தகைக்கு எடுத்த வீட்டைப் பழுது பார்ப்பவர், வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கும் பூசையறைக்குள் அந்தச் செலவைக் காட்டி நுழைய முடியுமா?

ஃபூஜியிலும் சிவனொளிபாதமலையிலும் ஏறுவது அந்தந்த மலைக்குரிய மக்களின் மரபு. அவர்கள் ஏறுகிறார்கள், நம்மையும் ஏறச் சொல்கிறார்கள். உலுருவில் மரபு வேறு. அங்கே உரியவர்களே பொதுவாக ஏறுவதில்லை. இரண்டு இடங்களிலும் நாம் பின்பற்றுவது, அந்த இடத்தை அறிந்தவர்கள் சொல்லும் முறையைத்தான். யுனெஸ்கோவும் 1987-இல் உலுருவை இயற்கைச் சிறப்புக்காக மட்டும் பட்டியலில் சேர்த்து, 1994-இல் பண்பாட்டு நிலக்காட்சி என்ற சிறப்பையும் சேர்த்தது. நியூசிலாந்தின் டோங்கரிரோவுக்கு அடுத்து உலகில் அந்தச் சிறப்பைப் பெற்ற இரண்டாவது இடம் அது. மக்களை நீக்கிவிட்டுப் பாறையை மட்டும் பார்க்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

தெளிவுரை எழுதியது:

பூசையறை உவமை நல்ல உவமை. ஆனால் பூசையறையை மனிதர் கட்டுகிறார்கள், உலுருவை எவரும் கட்டவில்லை. மனிதர் கட்டியதற்கும் இயற்கை தந்ததற்கும் உரிமையில் வேறுபாடு உண்டு என்ற என் கருத்தில் இன்னும் மாற்றமில்லை. ஃபூஜியைப் பற்றி நீங்கள் சொன்ன விளக்கத்தை மட்டும் ஏற்கிறேன். அந்த ஒப்பீட்டை நான் முழுமையாக எண்ணிப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

பாறைக்கண் எழுதியது:

விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். நெடும்பயணி முதலில் கேட்டது, போவது தகுமா என்பது. ஏறும் வழி இல்லாத காலத்தில் போன நான் சொல்கிறேன்: போங்கள். பாறையைச் சுற்றி 10.6 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது; சமதரை, மெதுவாக நடந்தாலும் மூன்றரை அல்லது நான்கு மணி நேரத்தில் முடியும். தெற்குப் பக்கத்தில் முட்டிசூலு சுனைக்குப் போகும் சிறு பாதையில், குனியா என்ற மலைப்பாம்பு மூதாட்டிக்கும் லிரு என்ற நச்சுப்பாம்பு வீரனுக்கும் நடந்த போரின் வடுக்களைப் பாறையிலேயே காட்டுவார்கள். வழிகாட்டி சொல்லச் சொல்ல, நான் வெறும் விரிசலாகப் பார்த்தவை எல்லாம் கதையின் வரிகளாக மாறின. என் நிலவியல் அதனால் பொய்யாகிவிடவில்லை, கூடவே இன்னொரு வாசிப்பு சேர்ந்தது. சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். அவை ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட சடங்கு இடங்கள்.

நெடும்பயணி எழுதியது:

ஏறும் ஆசை போய்விட்டது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். தெளிவுரையின் பக்கமே என் மனம் இன்னும் சாய்கிறது. ஆனால் செங்குத்தாக நிமிர்ந்த அந்த அடுக்குகளை அருகே நின்று பார்க்க வேண்டும் என்ற ஆவல் பாறைக்கண் எழுதியதிலிருந்து பிறந்துவிட்டது. ஜூலையில் போகலாம் என்று இருக்கிறேன். முழங்கால் வலி உள்ள எனக்கு 10.6 கிலோமீட்டர் இயலுமா என்று தெரியவில்லை. வேறு வழி உண்டா?

கயல் எழுதியது:

ஜூலை நல்ல தேர்வு, ஐயா. பகலில் இதமாக இருக்கும், ஆனால் விடியற்காலையில் உறைபனிக் குளிர் அடிக்கும், கம்பளி கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். முழுச் சுற்றும் வேண்டியதில்லை. பழைய ஏறும் இடத்துக்கு அருகில் தொடங்கும் மாலா நடைபாதை, போகவர 2 கிலோமீட்டர்தான். முடிவில் கான்ட்யூ பள்ளத்தில் ஒரு சுனை இருக்கிறது. மாலையில் வெளிச்சம் சாயும் நேரத்தில் அங்கே போய் உட்காருங்கள். அன்று நான் ஏறி இறங்கிய களைப்பில் அந்த வழியாக நடக்காமலேயே திரும்பிவிட்டேன். பத்து ஆண்டுகள் கழித்து மகளோடு போனபோதுதான் அந்தச் சுனையைப் பார்த்தேன்.