ஃப்ரீநெட்டில் நான் போட்டதை நானே அழிக்க முடியாதா?

ராப்பாடி:
போன வாரம் ராத்திரி ஹைஃபாநெட்டில் (2023 வரை ஃப்ரீநெட் என்று இருந்த அதே மென்பொருள்; போட்டதைப் பயனர்களின் கணினிகளிலேயே பிரித்து வைக்கும், தணிக்கைக்குத் தப்பும் வலை) ஒரு கட்டுரையும் நாலு படமும் ஏற்றினேன். காலையில்தான் உறைத்தது, ஒரு படத்தில் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கவே இல்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எடுத்த படம்! அழிக்கப் பொத்தான் எங்கேயும் இல்லை. ஏற்றியவன் நான், ஏற்றியதற்கான ரகசியச் சாவியும் என்னிடம். ஏற்றியவர் மட்டும் அழிக்கலாம் என்று வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? தினமும் போய்ப் பார்க்கிறேன், அப்படியே இருக்கிறது. (சுட்டி இங்கே இருந்தது, எடுத்துவிட்டேன்.)

பழைய நோடு:
முதலில் தினமும் போய்ப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒன்று, அது உங்கள் கணினியின் கேஷிலிருந்தே (தற்காலிகச் சேமிப்பு) வருகிறது. இல்லையென்றால், நீங்கள் கேட்கக் கேட்க வழியிலுள்ள நோடுகள் (வலையில் இணைந்த மற்றவர் கணினிகள்) பிரதி எடுத்து வைத்துக்கொள்கின்றன. நீங்களே தண்ணீர் ஊற்றி வளர்க்கிறீர்கள். படம் 32 கேபி துண்டுகளாக, மறையாக்கப்பட்டு, யார் யார் வட்டிலோ கிடக்கிறது. யாரும் கேட்காத துண்டு, இடம் நிரம்பும்போது தானாக வெளியே போகும்.

சாவி உங்களிடம் இருப்பதுதான் வம்பே. யூஸ்நெட்டில் (பழைய இணைய விவாதக் குழுக்கள்) கேன்சல் என்று ஒரு செய்தி உண்டு. பதிவின் அடையாள எண்ணோடு, எழுதியவர் பெயரைப் போட்டு அனுப்பினால் சர்வர்கள் நீக்கிவிடும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போடலாம்! 90களின் நடுவில் சயன்டாலஜி என்ற மத அமைப்பு பற்றிய குழுவில் விமர்சனப் பதிவுகள் இப்படிப் போலி கேன்சலில் காணாமல் போயின. 1995 ஜனவரியில் அந்த அமைப்பின் வக்கீல், குழுவையே நீக்கும் கட்டளையை அனுப்பிப் பார்த்தார்.

மின்மினி:
கையெழுத்துச் சாவி வைத்தால் போலிக்கு இடமில்லையே? யூஸ்நெட்டுக்கே 2018ல், கேன்சல் அனுப்புவது எழுதியவர்தானா என்று சரிபார்க்கும் கேன்சல்-லாக் தரம் வந்துவிட்டது.

பழைய நோடு:
போலிக்கு அது சரி. ஆளையே பிடித்து உட்கார வைத்து, "நீயே கையெழுத்துப் போட்டு அழி" என்றால்? கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ராஸ் ஆண்டர்சன் 1996ல் எடர்னிட்டி சேவை (யாராலும் அழிக்க முடியாத கோப்புச் சேமிப்பு யோசனை) பற்றி எழுதியபோது, எழுதியவராலேயே அழிக்க முடியாது என்று வைத்தது இதற்குத்தான். அழிக்க முடியாதவரை மிரட்டி என்ன பயன்? நோடு நடத்துபவருக்கும் அதேதான். அழிக்கும் வசதி வந்த மறுநாளே, "வசதி இருந்தும் ஏன் அழிக்கவில்லை?" என்று நோட்டீஸ் வரும். பின்லாந்தில் பெயர் மறைத்து மெயில் அனுப்பித் தந்த ஹெல்சிங்கியஸிடம் பயனர்களின் நிஜ முகவரிப் பட்டியல் இருந்தது. 1995ல் போலீஸ் கேட்டது, ஒருவர் முகவரியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. மறு வருடம் சேவையையே மூடினார்.

ராப்பாடி:
சரி, புரிகிறது. படத்தை மாற்றிப் புதிய பதிப்பு ஏற்றிவிட்டேன். பழையது?

பழைய நோடு:
பழைய பதிப்பு எண் தெரிந்தவர் இன்னும் எடுக்கலாம். அப்புறம், அந்தச் சுட்டியை மேலே உங்கள் கேள்வியிலேயே ஒட்டியிருக்கிறீர்களே! இங்கே திருத்தும் பொத்தான் இருக்கிறது.