புது பேட் போட்டும் முன் பிரேக் கத்துகிறது, என்ன பார்க்கலாம்?

மோல்மேன்காரன்:
அண்ணன்மாரே, ஹோண்டா வேவ் 125 வைத்திருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து காலையில் வண்டியை எடுத்ததும் நாலைந்து தடவை கீச்சென்று கத்திவிட்டு அடங்கும், அதை விட்டுவிட்டேன். ஆனால் இப்போது இரண்டு வாரமாக, பகோடா குன்றுப் பக்கம் இறக்கத்தில் லேசாகப் பிடித்தாலே ஊளையிடுகிறது, அழுத்திப் பிடித்தால் நின்றுவிடுகிறது. கடையில் புது பேட் போட்டேன், மூன்று நாள் சத்தமில்லை, நாலாம் நாள் மறுபடியும் அதே சத்தம். கடைக்காரர் கொஞ்சம் கிரீஸ் தடவட்டுமா என்றார், வேண்டாமென்று வந்துவிட்டேன். ரங்கூன் மாமாவைக் கேட்கலாமென்றால் அங்கே ஊருக்குள் பைக்குக்கே தடை, அவர் ஓட்டி எத்தனையோ வருஷம் ஆச்சு. தினமும் மகளைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் போகிறேன், அதனால்தான் பயமாக இருக்கிறது.

பெகு அக்கா:
தம்பி, காலைச் சத்தம் டிஸ்கில் ராத்திரி ஈரத்துக்குப் படியும் துரு, நாலு பிடியில் பேடே தேய்த்து எடுத்துவிடும். மற்றது அப்படியில்லை. முதலில் கத்துவது முன்னாலா பின்னாலா என்று உறுதிப்படுத்து. ஆள் இல்லாத சமமான ரோட்டில் மெதுவாகப் போய், ஒரு தடவை கைப்பிடி மட்டும், ஒரு தடவை கால் மட்டும் பிடித்துப் பார். பின் டிரம்மில் தூள் சேர்ந்தாலும் இப்படித்தான் கத்தும், என் வண்டியில் முன்பக்கம் என்று நினைத்து ஒரு மாதம் அலைந்தேன்.

மோல்மேன்காரன்:
பார்த்துவிட்டேன் அக்கா, முன்பக்கம்தான்.

தட்டோன் பட்டறை:
கிரீஸ் வேண்டாமென்று வந்தது நல்லது தம்பி. டிஸ்க் படும் முகத்தில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் அந்த பேட் போயிற்று, சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. பேடின் முதுகில் சூடு தாங்கும் பேஸ்ட் மெல்லிசாகத் தடவுவது வேறு விஷயம், அதைச் செய்யலாம். கழற்றின பழைய பேட் இருக்கிறதா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்.

மோல்மேன்காரன்:
இருக்கிறது அண்ணே. பேடைத் தள்ளும் பிஸ்டன் பக்கம் இருந்தது கிட்டத்தட்ட இரும்பு வரைக்கும் தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கத்தில் பாதிக்கு மேல் மிச்சம். அதுவும் ஒரு ஓரம் தடிப்பு, ஒரு ஓரம் மெலிசு.

தட்டோன் பட்டறை:
அப்படியென்றால் குற்றம் பேடில் இல்லை. பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பர், பின் (pin) என்கிற இரண்டு இரும்புக் குச்சி மேல் நகர்ந்துதான் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கும். ரப்பர் உறை கிழிந்து மழைத்தண்ணீர் உள்ளே போனால் பின் துருப்பிடித்து இறுகிவிடும். அப்போது பிஸ்டன் பக்கத்து பேட் மட்டும் உழைக்கும், விட்ட பிறகும் டிஸ்கை உரசிக்கொண்டே கிடக்கும், சூடாகி முகம் கண்ணாடி மாதிரி ஆகும், கத்தும். எத்தனை புது பேட் போட்டாலும் இதேதான் நடக்கும்.

கேலிப்பரைக் கழற்றிக் கையால் அசைத்துப் பார், வழுக்கிக்கொண்டு வர வேண்டும். பின்னை உருவித் துருவை மெல்லிய உப்புத்தாளால் எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ் மட்டும் போடு, சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். உறை கிழிந்திருந்தால் மாற்றிவிடு. கேலிப்பர் கையில் இருக்கும்போது யாரும் லீவரை அழுத்தக்கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே லீவர் பக்கத்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொள், பொங்கினால் பெயின்ட்டை அரிக்கும். புது பேடின் பளபளப்பைத் தட்டையான இடத்தில் உப்புத்தாள் வைத்து லேசாகத் தேய்த்து எடு, தூளை வாயால் ஊதாதே, ஈரத்துணியால் துடை. டிஸ்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதையும் அளந்துவிடு.

எல்லாம் மாட்டினதும் வண்டியை எடுக்குமுன் லீவர் கெட்டியாகும் வரை அழுத்து, இதை மறந்துவிடாதே. முதல் பிடியில் லீவர் கைப்பிடி வரைக்கும் போய்விடும், ரோட்டில் அது நடந்தால் நிறுத்த முடியாது.

பெகு அக்கா:
மாற்றின பிறகு கொஞ்ச நாள் திடீர்ப் பிடி பிடிக்காதே தம்பி, பேட் டிஸ்கோடு ஒட்டிப் பழகட்டும். அதுவரை மகளை ஏற்றாதே.

மோல்மேன்காரன்:
ஞாயிற்றுக்கிழமை கழற்றினேன். கீழ்ப் பின் சுத்தியலால் தட்டித்தான் வந்தது, உறைக்குள் செம்மண் குழம்பும் துருவும். மேல் பின் நன்றாக இருந்தது. உறை வேறு கடையில் கிடைத்தது. அண்ணன் சொன்னபடி செய்து, லீவரை இருபது தடவை அழுத்தி, நேற்றும் இன்றும் குன்றில் தனியாக ஏறி இறங்கினேன், மழையிலும் சத்தமில்லை. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் முன்பு அரைச் சுற்றில் நிற்கும், இப்போது சும்மா சுற்றுகிறது. இன்னும் ஒரு வாரம் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு மகளை ஏற்றுகிறேன்.