பையன் நேஷனல் கார்ட்ல சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான், காலேஜ் ஃபீஸ் நிஜமாவே ஸ்டேட் கட்டுமா? (பென்சில்வேனியா)

ஹாரிஸ்பர்க் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையன் ட்வெல்ஃப்த், இங்கயே பொறந்தவன். ஸ்கூலுக்கு வந்த ரெக்ரூட்டர்ட்ட பேசிட்டு வந்ததுலருந்து வீட்ல இதே பேச்சு தான், முழு நேர ஆர்மி இல்லம்மா மாசத்துல ஒரு வீக்கெண்டு வருஷத்துல ரெண்டு வாரம் போனா போதும், டியூஷன் ஃபுல்லா ஸ்டேட் பாத்துக்கும், குடும்பத்துக்கும் படிப்பு உதவி இருக்குங்கறான். பென் ஸ்டேட் மெயின் கேம்பஸ்ல இன்ஜினியரிங் படிக்கணும்னு ஆசை. குடும்பத்துக்கும்னா டென்த் படிக்கற தங்கச்சிக்கும் கிடைக்குமா? இன்னும் 18 ஆகலைங்கறதால நாங்க சம்மதிச்சு கையெழுத்து போடணுமாம், இவங்க அப்பா பேச்சையே எடுக்க விட மாட்டேங்கறார். எனக்கும் பயமா இருக்கு, ஆனா அவன் சும்மா விளையாட்டுக்கு சொல்ற மாதிரி தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

லெபனான் கவுண்டி வாசி:
அக்கா, என் வீட்டுக்காரர் பென்சில்வேனியா ஆர்மி நேஷனல் கார்ட்ல இருக்கார், அதனால இந்த பேப்பர் வேலை எல்லாம் எனக்கு பழக்கம். மொதல்ல ஒண்ணு கேளுங்க, பையன் பேசினது நேஷனல் கார்ட் ரெக்ரூட்டர்ட்டயா ஆர்மி ரிசர்வ் ரெக்ரூட்டர்ட்டயா? வெளியிலருந்து பாக்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும், அதே யூனிஃபார்ம் அதே வீக்கெண்டு டிரில். ஆனா கார்ட் ஸ்டேட்டோட படை, கவர்னர் கூப்பிட்டா வெள்ளத்துக்கும் பனிப்புயலுக்கும் போறது அவங்க தான். ரிசர்வ் முழுக்க ஃபெடரல், அதாவது மத்திய அரசோடது. இங்க ஸ்டேட் குடுக்கற எஜுகேஷனல் அசிஸ்டன்ஸ் புரோகிராம், ஈஏபின்னு சொல்வாங்க, அது கார்ட்ல இருக்கறவங்களுக்குத்தான். ரிசர்வ்ல சேந்தா ஃபெடரல் உதவி மட்டும் தான்.

ரெண்டாவது, "ஃபுல்லா"ங்கற வார்த்தை. ஈஏபி டியூஷனுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு, ஸ்டேட் சிஸ்டம் யூனிவர்சிட்டிங்களோட இன்-ஸ்டேட் ரேட் எவ்ளோவோ அவ்ளோ தான். அதாவது மில்லர்ஸ்வில், ஷிப்பன்ஸ்பர்க், வெஸ்ட் செஸ்டர் மாதிரி இடங்க. அந்த ரேட் பல வருஷம் 7,716 டாலர்லயே நின்னுச்சு, 2025-26ல 7,994 ஆச்சு. பென் ஸ்டேட், பிட்ஸ்பர்க் யூனிவர்சிட்டி, டெம்பிள் யூனிவர்சிட்டி மூணும் அந்த சிஸ்டத்துல இல்லக்கா, பேர்ல ஸ்டேட் இருந்தாலும் கணக்கு வேற. பென் ஸ்டேட் மெயின் கேம்பஸ்ல நம்ம ஊர் பிள்ளைக்கே டியூஷன் வருஷத்துக்கு 20,000த்தை தாண்டும், அப்ப பாதிக்கு மேல உங்க கையை கடிக்கும். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் தனி. இன்னொண்ணு, பென்சில்வேனியாக்குள்ள இருக்கற காலேஜுக்குத்தான் இந்த பணம், ஒஹையோ நியூ ஜெர்சின்னு போனா கிடையாது.

தங்கச்சிக்கு கிடைக்காது. அவன் சொல்ற குடும்ப உதவி 2019ல சட்டம் ஆன மிலிட்டரி ஃபேமிலி எஜுகேஷன் புரோகிராம், அது மனைவி/கணவன், பிள்ளைங்களுக்கு. அதுவும் சேந்த உடனே வராது, மொத ஒப்பந்த சர்வீஸ் காலத்த முடிச்சு இன்னும் ஆறு வருஷம் இருக்கேன்னு திரும்ப கையெழுத்து போட்டாத்தான். பத்து செமஸ்டர் தருவாங்க, குடும்பத்துக்குள்ள பிரிச்சுக்கலாம். நான் அதுல தான் இப்ப கம்யூனிட்டி காலேஜ்ல நர்சிங் படிக்கறேன், அங்க ஃபீஸ் கம்மிங்கறதால டியூஷனுக்கு கைக்காசு போடல, மிச்ச செமஸ்டர் பொண்ணுக்கு வெச்சிருக்கோம். எங்கள மாதிரி குடும்பத்துக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லி முடியாது. ஆனா உங்க பையனுக்கு அது ரொம்ப வருஷம் கழிச்சு, அவனுக்குன்னு குடும்பம் வந்தப்புறம்.

பிட்ஸ்பர்க் அப்பா:
மேடம், மேல சகோதரி சொன்னது எல்லாம் கரெக்ட். நான் பணத்தை விட்டுட்டு நாளைப் பத்தி சொல்றேன். என் பொண்ணு கார்ட்ல இருக்கா. பேசிக் டிரெயினிங் பத்து வாரம், அப்புறம் எந்த வேலைய எடுக்கறாங்களோ அதுக்கான டிரெயினிங் தனி, சிலதுக்கு ரெண்டு மாசம் சிலதுக்கு அரை வருஷத்துக்கும் மேல. அதனால ஹைஸ்கூல் முடிச்சு நேரா ஃபால் செமஸ்டர்ல போய் உக்காரலாம்னு நினைக்காதீங்க, காலேஜ் தள்ளிப் போகலாம், அட்மிஷன் ஆபீஸ்ல டிஃபெர் பண்ண, அதாவது சேர்றத தள்ளிப் போட முடியுமான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கங்க. பேசிக்ல ஃபோனை வாங்கி வெச்சுடுவாங்க, என் மனைவி தினமும் லெட்டர் பாக்ஸ் கிட்டயே நிப்பா, பொண்ணு ரூல் போட்ட பேப்பர்ல பென்சில்ல எழுதி அனுப்புவா, சாப்பிட அஞ்சு நிமிஷம் தான் தராங்கப்பா, ஆனா நான் நல்லா இருக்கேன்னு.

டிப்ளாய்மென்ட், அதாவது வெளிநாட்டுக்கு பணிக்கு அனுப்பறது, வராதுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. இங்க இருக்கற கார்டோட 28வது டிவிஷன்லருந்து ஈராக்குக்கும் போயிருக்காங்க. ஈஏபிக்கு ஆறு வருஷம் இருக்கேன்னு ஒத்துக்கணும், நடுவுல சர்வீஸ விட்டா குடுத்த பணத்த திருப்பிக் கேப்பாங்க. மொத்த ஒப்பந்தம் எட்டு வருஷம், ஆறு போக மிச்சம் டிரில் இல்லாட்டியும் கூப்பிட்டா போகணும்.

ஒரு நல்லதும் இருக்கு. ஆறு வருஷத்துக்கு கையெழுத்து போட்டா ஃபெடரல்ல 1606னு ஒரு ஜிஐ பில் (படைல இருக்கறவங்களுக்கான படிப்பு உதவி), படிக்கற மாசத்துக்கெல்லாம் அவன் கைக்கே காசு வரும், 36 மாசம் வரைக்கும். கார்ட், ரிசர்வ் ரெண்டுக்கும் உண்டு. 9/11க்கு அப்புறம் வந்த பெரிய ஜிஐ பில்லோட இதை குழப்பிக்காதீங்க, அதுக்கு ஆக்டிவ் டியூட்டி நாள் வேணும், வீக்கெண்டு டிரில் அதுல சேராது. போனஸ், 1606, என்ன வேலை, எத்தனை வருஷம் எல்லாம் கான்ட்ராக்ட்ல எழுத்துல இருக்கணும், வாய் வார்த்தை வேலைக்காகாது.

உங்க வீட்டுக்காரரையும் ரெக்ரூட்டர் ஆபீஸுக்கு கூட்டிட்டு போங்க. நானும் முதல்ல ஒத்துக்கல, பொண்ணு எதிர்ல உக்காந்து நானே கேள்வி கேட்டப்புறம் தான் மனசு கொஞ்சம் நிதானமாச்சு.

ஹாரிஸ்பர்க் அம்மா:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். கேட்டேன், கார்ட் தானாம். பென் ஸ்டேட் கணக்க காமிச்சதும் பையன் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் முதல் ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சுட்டு மாத்திக்கறேன், ஆனா சேர்றதுல மாத்தம் இல்லன்னுட்டான். சனிக்கிழமை மூணு பேரும் ரெக்ரூட்டர பாக்கப் போறோம், இவரும் வரேன்னுட்டார்.

எக்ஸ்டன் ஐடி:
இடையில ஒரு கேள்வி, எங்க பையன் இன்னும் ஹெச்-4ல (எங்க வேலை விசாவ ஒட்டி பிள்ளைங்களுக்கு தர விசா) இருக்கான், கிரீன் கார்டு க்யூ நகரவே இல்ல. அவனுக்கு வழி இருக்கா?

லெபனான் கவுண்டி வாசி:
இப்போதைக்கு இல்லண்ணா. சிட்டிசன் இல்லாட்டி கிரீன் கார்டு இருந்தாத்தான் சேர முடியும். முன்ன மாவ்னின்னு ஒரு வழி இருந்துச்சு, சில மொழி தெரிஞ்சவங்களயும் டாக்டர்களயும் விசாலயே எடுத்தாங்க, 2016லயே ஆள் எடுக்கறத நிறுத்திட்டாங்க. 21 ஆனா ஹெச்-4 போயிடும், அதுக்குள்ள கிரீன் கார்டு வருமான்னு லாயர்ட்ட இப்பவே கேட்டுடுங்க, வந்துட்டா வயசு பிரச்சனை இல்ல, ஆர்மி கார்ட்ல 30 தாண்டியும் சேரலாம். சேந்து ஒழுங்கா சர்வீஸ் பண்ணா சிட்டிசன்ஷிப்புக்கு வழக்கமான அஞ்சு வருஷம் காத்திருக்க வேண்டியதும் இல்ல.