தைபேயில் ஒரு வருடம் குடியிருக்கப் போகிறோம், அன்றாட வாழ்க்கை எப்படி?

கேள்வி - வடக்குமாடவீதி:
வணக்கம் நண்பர்களே. மனைவிக்குத் தைபேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணி கிடைத்திருக்கிறது. அவள், நான், என் அம்மா மூன்று பேரும் கிளம்புகிறோம். இணையத்தில் தேடினால் தைபே 101 கோபுரம், இரவுச் சந்தை என்று சுற்றுலா விஷயமே வருகிறது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. குப்பையை எங்கே போடுவது, சுத்த சைவமான (முட்டையும் கூடாது) அம்மாவுக்கு வெளியே சாப்பாடு கிடைக்குமா, அவர் தனியாக நடந்து போய் வர முடியுமா?

பதில் - மழைக்காகம்:
நல்லவேளை குப்பையைப் பற்றி முதலில் கேட்டீர்கள், அந்த ஊர் வாழ்க்கையே அதில்தான் பிடிபடும். தெருமுனையில் தொட்டி கிடையாது. சாயங்காலம் மஞ்சள் லாரி பீத்தோவனின் ‘ஃபர் எலீஸ்’ அல்லது ‘கன்னியின் பிரார்த்தனை’ மெட்டை ஒலித்துக்கொண்டு வரும், சத்தம் கேட்டதும் வீட்டுச் செருப்போடு ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள், நாம்தான் நம் கையால் லாரியில் போட வேண்டும். குப்பை தரையைத் தொடக்கூடாது என்பதுதான் கொள்கை. 2000-லிருந்து மாநகராட்சி முத்திரை உள்ள பையை வாங்கித்தான் போட வேண்டும், அந்தப் பையின் விலைதான் குப்பைக் கட்டணம். பாட்டில், காகிதம், அட்டைக்கு எல்லாம் பின்னால் வரும் இன்னொரு லாரி, அதற்குக் காசில்லை. ஆகவே பிரித்துப் போடப் போட உங்களுக்குச் செலவு குறையும். சாப்பாட்டு மிச்சத்துக்குத் தனி வாளி. புதன், ஞாயிறு லாரி வராது, வெயில் காலத்தில் இதை மறந்தால் வீடு நாறிவிடும். பெரிய அடுக்குமாடி என்றால் கீழேயே குப்பை அறை இருக்கும், வீடு பார்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சின்ன வீடு கிடைத்தாலும் வருத்தப்படாதீர்கள், அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு அக்கம்பக்கத்தார் எல்லோரும் பழக்கமானார்கள், மொழி தெரியாமலே.

அப்புறம், கடையில் தரும் ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் லாட்டரி எண் இருக்கும், ஒற்றைப்படை மாதங்களில் 25-ஆம் தேதி குலுக்கல். கடைக்காரர்கள் ரசீது போடாமல் வரியை மறைக்கக்கூடாது என்று 1951-இல் ஆரம்பித்த ஏற்பாடு. கடைசி மூன்று இலக்கம் பொருந்தினாலே 200 தைவான் டாலர்.

பதில் - கத்தரிக்காய்ப்பொரியல்:
அம்மா சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம் அண்ணா. பௌத்த சைவக் கடைகள் ஏராளம், வாசலில் ஸ்வஸ்திகம் போன்ற சின்னம் இருக்கும். நிறைய கடைகளில் தட்டை எடுத்துக்கொண்டு வேண்டியதைப் போட்டு எடை பார்த்துக் காசு கொடுக்கலாம், வாயைத் திறக்கவே தேவையில்லை. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத கடைகளும் உண்டு. பொட்டலத்தில் விற்கும் சைவ உணவுகளில் சுத்த சைவமா, முட்டை சேர்ந்ததா, பால் சேர்ந்ததா என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம், அந்தச் சில எழுத்துகளை மட்டும் படம் எடுத்து அம்மா கைபேசியில் போட்டுவிடுங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கேயும் நிறைய பேர் சைவம்தான், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். அந்த நாட்களில் மதியம் சீக்கிரமே போய்விடுவது நல்லது, கூட்டம் தாங்காது.

பதில் - ரயில்பிரியன்:
நடப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மெட்ரோவுக்குள் தங்கமான ஊர். அடர்நீல இருக்கைகள் முதியவர்களுக்கு, கூட்டத்திலும் பெரும்பாலும் காலியாகவே விட்டிருப்பார்கள். சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது, குறைந்தபட்ச அபராதமே 1500 தைவான் டாலர், அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெருவில் கதை வேறு. கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு, வெயிலுக்கும் மழைக்கும் அருமை. ஆனால் கட்டிடத்துக்குக் கட்டிடம் தரை ஏறி இறங்கும், ஸ்கூட்டர்களை அங்கேயே நிறுத்தியிருப்பார்கள், மழை பெய்தால் ஓடு வழுக்கும். சின்னச் சந்துகளில் நடைபாதையே இல்லை, பச்சை வண்ணம் அடித்த பட்டைதான். சிக்னலில் நடக்கும் பச்சை மனிதன் (1999-இல் இந்த ஊரில்தான் முதலில் வைத்தார்கள்) நேரம் முடியப்போகும்போது ஓட ஆரம்பிப்பான், அப்போது அம்மா இறங்கவே கூடாது. பச்சை இருந்தாலும் முனையில் வளைந்து திரும்பும் வண்டிகளைப் பார்த்துத்தான் கடக்க வேண்டும், நடப்பவர்களுக்கு வழிவிடாத வண்டிகளுக்கு 2023-இல் அபராதத்தைக் கூட்டிய பிறகு பரவாயில்லை, ஆனாலும் நம்பிவிட முடியாது.

வடக்குமாடவீதி:
மிக்க நன்றி எல்லோருக்கும். குளிர் எப்படி? ஸ்வெட்டர் போதுமா?

மழைக்காகம்:
வெப்பமானியைப் பார்த்து ஏமாறாதீர்கள். 13, 14 டிகிரிதான் காட்டும், ஆனால் ஈரக் குளிர், பெரும்பாலான வீடுகளில் ஹீட்டர் கிடையாது, வீட்டுக்குள்ளேயே குளிரும். அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், சின்ன ஹீட்டர் அங்கேயே வாங்கலாம். துணி காயாது, ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரம் உள்ள வீடாகப் பாருங்கள்.